ஓட்டத்தை நிறுத்தாமல் உள்ளே பார்ப்பது: டீபக்கர் பற்றி வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன: ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோகண்ட்ரோலரிடமிருந்து டீபக்கர் (நிரலின் உள்நிலையைக் கணினியிலிருந்து பார்க்கவும் நிறுத்தவும் உதவும் கருவி) வழியாகத் தகவலை எடுப்பது எப்படி, அதற்குத் தகவலைக் கொடுப்பது எப்படி? மற்ற கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

கேள்வி: மோட்டார் ஓட்டும் போர்டு ஒன்றில் வேலை செய்கிறேன். பிரேக்பாயிண்ட்டில் (நிரல் நிற்கும்படி குறித்த இடத்தில்) நிறுத்திய மறுநொடி மாஸ்ஃபெட் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் ஸ்விட்ச்) எரிந்துபோனது. இரண்டு முறை இப்படி ஆகிவிட்டது. நிறுத்தாமலேயே கரண்ட், வேகம் போன்ற மாறிகளைப் பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் வேலைக்கு அது ஒன்றுதான் சரியான வழியும். பிரேக்பாயிண்ட்டில் நிற்பது பிராசசர் கோர் மட்டும்தான். டைமர் தன்பாட்டுக்கு ஓடுகிறது. பிடபிள்யூஎம், அதாவது மாஸ்ஃபெட்டை ஆன், ஆஃப் செய்யும் துடிப்பு, கடைசியாக எழுதப்பட்ட அகலத்திலேயே போய்க்கொண்டிருக்கும். கரண்ட்டை அளந்து அகலத்தைக் குறைக்க வேண்டிய நிரலோ நின்றுவிட்டது. சுருளில் கரண்ட் ஏறிக்கொண்டே போகிறது, மாஸ்ஃபெட் போய்விடுகிறது.

எஸ்டிஎம்32 வகை சிப்புகளில் கோர் நிற்கும்போது டைமரும் நிற்கும்படி செய்ய டிபிஜிஎம்சியூ எனும் டீபக் அமைப்பு ரெஜிஸ்டர்களில் டைமருக்கு ஒரு பிட் இருக்கிறது. அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். கவுண்டர் உறைகிற கணத்தில் மாஸ்ஃபெட் ஆன் நிலையில் இருந்தால் ஆன் ஆகவே நின்றுவிடும். சில சிப் குடும்பங்களில் அந்த பிட் வெளியீட்டையும் சேர்த்து அணைக்கிறது, சிலவற்றில் கவுண்டரை மட்டும் நிறுத்துகிறது. உங்கள் சிப்பின் ரெஃபரன்ஸ் மேனுவலில் அந்த பிட்டின் விளக்கத்தைப் படித்த பிறகே மோட்டாரை இணையுங்கள்.

இப்போது நிறுத்தாமல் படிப்பது. கார்டெக்ஸ்-எம் (எஸ்டிஎம்32 போன்றவற்றில் இருக்கும் கோர்) சிப்புகளில் டீபக் போர்ட்டுக்கு மெமரி பஸ்ஸில் தனி வழி இருக்கிறது. கோரிடம் அனுமதி கேட்காமல், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ரேமைப் படிக்கலாம், எழுதலாம். இருவரும் ஒரே ரேமை ஒரே கணத்தில் கேட்டால் ஒருவர் ஓரிரு கிளாக் காத்திருப்பார். கண்ட்ரோல் லூப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

செய்முறை எளிது. பார்க்க வேண்டிய மாறியை ஃபங்ஷனுக்கு வெளியே, குளோபலாகவோ ஸ்டாட்டிக்காகவோ அறிவியுங்கள். லிங்கர் தரும் மேப் ஃபைலில் அதன் முகவரியை எடுங்கள். கணினியில் டீபக்கரை இயக்கும் ஓப்பன்ஓசிடி மென்பொருள் ஓடும்போது டெல்நெட் வழியாக 4444 போர்ட்டில் நுழைந்து ‘எம்டிடபிள்யூ’ கட்டளையோடு அந்த முகவரியைக் கொடுத்தால் 32 பிட் மதிப்பு வரும். எழுதுவதற்கு ‘எம்எம்டபிள்யூ’ அல்ல, ‘எம்டபிள்யூடபிள்யூ’. முதலாவது ஏற்கெனவே இருக்கும் மதிப்பில் சில பிட்களை மட்டும் மாற்றும் வேறு கட்டளை, இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். 3333 போர்ட்டில் ஜிடிபி என்ற டீபக் மென்பொருளை இணைத்து முயன்றால், நிரல் ஓடும்போது வழக்கமான அமைப்பில் அது மெமரியைப் படிக்க விடாது. அதனால்தான் பலர் ‘ஓடும்போது படிக்கவே முடியாது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தடுப்பது ஜிடிபி, சிப் அல்ல.

வேகத்தையும் சொல்லிவிடுகிறோம். எஸ்டபிள்யூடி என்ற இரு கம்பி டீபக் இணைப்பில் ஒரு பரிமாற்றத்துக்கு 46 கிளாக் ஆகும்: 8 பிட் கோரிக்கை, 3 பிட் பதில், 32 பிட் தரவு, 1 பேரிட்டி (பிழை காணும் பிட்), திசை மாற 2. தனி ஒரு மாறியைப் படிக்க முகவரியை எழுதுவது, படிக்கச் சொல்வது, முடிவை எடுப்பது என்று மூன்று பரிமாற்றம், மொத்தம் 138 கிளாக். 4 மெகாஹெர்ட்ஸில் 34.5 மைக்ரோ விநாடி. ஆனால் யூஎஸ்பி வழியாகப் போய்வரவே ஒரு மில்லி விநாடிக்கு மேல் ஆகலாம். ஆகவே பத்து மாறிகளைப் பத்து முறை கேட்காதீர்கள். ஒரே ஸ்ட்ரக்சரில் அடுத்தடுத்து வைத்து ஒரே கட்டளையில் எடுங்கள். முகவரி தானே கூடிக்கொண்டே போகும், நேரம் பெருமளவு மிச்சம்.

கேள்வி: லைவ் வாட்ச் ஜன்னலில் மாறி தெரிகிறது, மதிப்பு மாறவே மாட்டேன் என்கிறது. ஆப்டிமைசேஷனை அணைத்தால் சரியாகிவிடுகிறது. ஏன்?

பதில்: கம்பைலர் அந்த மாறியை ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது, ரேமுக்கு எப்போதாவதுதான் எழுதுகிறது, அல்லது எழுதுவதே இல்லை. டீபக்கர் பார்ப்பது ரேமை. கோர் ஓடும்போது அதன் ரெஜிஸ்டர்களைப் படிக்க முடியாது. மாறிக்கு ‘வாலட்டைல்’ (ஒவ்வொரு முறையும் ரேமிலேயே எழுதச் சொல்லும் குறி) போடுங்கள், ஆப்டிமைசேஷனைத் தொட வேண்டியதில்லை. வெளியிடப்போகும் நிரலையே சோதிப்பதுதான் நல்லது. எங்கும் படிக்கப்படாத மாறி என்றால் கம்பைலரோ லிங்கரோ அதை அடியோடு நீக்கிவிடும். அதற்கு ‘யூஸ்டு’ அட்ரிப்யூட்டும், லிங்கர் ஸ்கிரிப்டில் ‘கீப்’பும் தேவை.

கேள்வி: செமிஹோஸ்டிங், எஸ்டபிள்யூஓ, ஆர்டிடி என்று மூன்று வழிகளைச் சொல்கிறார்கள். பிரிண்ட் செய்ய, அதாவது நிரலின் செய்திகளைக் கணினித் திரையில் காட்ட, எதை எடுப்பது? போர்டில் சீரியல் போர்ட்டுக்கு இடமில்லை.

பதில்: செமிஹோஸ்டிங்கில் நிரல் வேண்டுமென்றே பிரேக்பாயிண்ட் கட்டளையை, கார்டெக்ஸ்-எம்மில் ஹெக்ஸ் ஏபி, அதாவது 171 என்ற எண்ணோடு இயக்குகிறது. ஆர்0 ரெஜிஸ்டரில் என்ன வேலை என்ற எண் இருக்கும்: 3 என்றால் ஓர் எழுத்து, 4 என்றால் பூஜ்யத்தில் முடியும் ஒரு சரம். ஆர்1இல் அது இருக்கும் முகவரி. கோர் நிற்கிறது, டீபக்கர் அதைக் கவனிக்கிறது, ரெஜிஸ்டரைப் படிக்கிறது, சரத்தை எடுக்கிறது, திரையில் போடுகிறது, கோரை மறுபடி ஓடவிடுகிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் மில்லி விநாடிக் கணக்கில் ஆகும், அதுவரை இண்டரப்ட் எதுவும் ஓடாது. மோட்டார், ரேடியோ, யூஎஸ்பி இருக்கும் போர்டில் இது உதவாது. ஆனால் கணினியில் இருக்கும் ஃபைலை சிப்பிலிருந்தே திறந்து படிக்கலாம் என்பதால், தானியங்கிச் சோதனைகளுக்கு இதைவிட வசதி வேறில்லை.

எஸ்டபிள்யூஓ என்பது ஒரே ஒரு கூடுதல் கம்பி. ஐடிஎம் என்ற பகுதியின் 32 போர்ட்டுகளில் ஒன்றில் எழுதினால் போதும், வன்பொருள் அனுப்பிவிடும். கார்டெக்ஸ்-எம்0, எம்0பிளஸ் சிப்புகளில் ஐடிஎம் கிடையாது. அங்கே இதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒவ்வொரு எழுதலுக்கும் ஒரு பைட் தலைப்பு சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2 மெகாபிட் வேகத்தில், ஒரு பைட்டுக்கு 10 பிட் வீதம், விநாடிக்கு 2 லட்சம் பைட் போகும். எழுத்து எழுத்தாக அனுப்பினால் பாதி தலைப்புக்கே போய், மிஞ்சுவது 1 லட்சம். நான்கு நான்கு பைட்டாக அனுப்பினால் 1.6 லட்சம். கம்பியும் வேகமும் அதேதான், அனுப்பும் முறையில்தான் வேறுபாடு.

எஸ்டபிள்யூஓ சிப்பிலிருந்து வெளியே மட்டும்தான் போகும். எதிர்த்திசைக்கு சிஎம்எஸ்ஐஎஸ் (கார்டெக்ஸ்-எம்முக்கான பொது நூலகம்) ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறது: ரேமில் ஒரு 32 பிட் மாறி. அதில் ஹெக்ஸ் 5ஏஏ55ஏஏ5 இருந்தால் காலி என்று பொருள். டீபக்கர் காலியாக இருக்கும்போது மட்டும் அதில் ஓர் எழுத்தை எழுதுகிறது, நிரல் எடுத்துக்கொண்டு மறுபடி காலிக் குறியை வைக்கிறது.

ஆர்டிடி என்பது செக்கர் நிறுவனம் கொண்டுவந்த முறை. கூடுதல் கம்பியும் வேண்டாம், தனி வன்பொருளும் வேண்டாம். ரேமில் ஒரு ரிங் பஃபர் (கடைசி இடம் வந்ததும் முதல் இடத்துக்குத் திரும்பும் தேக்க இடம்), அதை ஓட்டத்தின்போதே டீபக்கர் வந்து காலி செய்துகொண்டு போகும், அவ்வளவுதான். நிரலுக்கு ஆகும் செலவு மெமரியில் சில பைட்டுகளை நகலெடுக்கும் நேரம் மட்டும். 80 எழுத்து வரியை 115200 வேக சீரியலில் காத்திருந்து அனுப்ப 6.9 மில்லி விநாடி ஆகும். அதே வரி ஆர்டிடியில் சில மைக்ரோ விநாடியில் முடிந்துவிடும். இரு திசையிலும் வேலை செய்யும், ஓப்பன்ஓசிடியும் ஆதரிக்கிறது. வேறு காரணம் இல்லையென்றால் இதையே எடுங்கள். உங்கள் போர்டில் எஸ்டபிள்யூடி இரண்டு கம்பியும் தரையும் இருந்தால் போதும்.

ஒரு சிறு எச்சரிக்கை: ஆர்டிடியோடு வரும் பிரிண்ட்எஃப் தசம எண்களை, அதாவது ஃபுளோட்டை அச்சிடாது. ஆயிரத்தால் பெருக்கி முழு எண்ணாக அனுப்புங்கள், அல்லது 4 பைட்டை அப்படியே அனுப்பி கணினியில் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதுதான் நல்லது.

கேள்வி: எஸ்டபிள்யூஓ இணைத்தேன். முதலில் சில வரிகள் சரியாக வருகின்றன, பிறகு முழுக்கக் குப்பை.

பதில்: பிஎல்எல் (கிளாக்கை வேகமாக்கும் சுற்று) ஆன் ஆகி கிளாக் மாறும் இடத்தில் குப்பை தொடங்குகிறதா என்று பாருங்கள். அனேகமாக அதுதான். வேகம் என்பது டிரேஸ் கிளாக்கை ‘வகுப்பான் + 1’ஆல் வகுத்தது. 72 மெகாஹெர்ட்ஸில் 2 மெகாபிட் வேண்டுமானால் வகுப்பான் ரெஜிஸ்டரில் 35 இருக்க வேண்டும். கிளாக் மாறிய பிறகு அதை மறுபடி எழுத வேண்டும், கணினிப் பக்கமும் புதிய கிளாக்கைச் சொல்ல வேண்டும். எஸ்டிஎம்32இல் அந்தப் பின் பெரும்பாலும் பிபி3. உங்கள் நிரலே அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தாலும் இப்படித்தான் கெட்டுப்போகும்.

கேள்வி: டீபக்கர் இணைந்திருக்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்தால் போர்டு உறைந்துபோகிறது.

பதில்: இதற்கு இரண்டே காரணங்களை முதலில் பாருங்கள்.

செமிஹோஸ்டிங் நூலகம் இணைந்திருக்கிறது என்றால், முதல் பிரிண்ட்டிலேயே அந்தப் பிரேக்பாயிண்ட் கட்டளை இயங்கும். கேட்க டீபக்கர் இல்லாதபோது அது ஹார்ட்ஃபால்ட்டாக (கடும் பிழை நிலையாக) மாறும், நிரல் அங்கேயே சுற்றும். லிங்கர் அமைப்பில் ‘ஆர்டிமான்’ என்ற ஸ்பெக்ஸ் ஃபைல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் எடுத்துவிட்டு, செமிஹோஸ்டிங் இல்லாத ‘நோசிஸ்’ போடுங்கள். கார்டெக்ஸ்-எம்3, எம்4, எம்7இல் டீபக்கர் இணைந்திருக்கிறதா என்பதை டிஹெச்சிஎஸ்ஆர் ரெஜிஸ்டரின் கடைசி பிட்டைப் படித்து நிரலே தெரிந்துகொள்ளலாம். எம்0இல் நிரலுக்கு அந்த ரெஜிஸ்டர் கிடைக்காது, அதனால் அங்கே இந்தச் சோதனையை நம்பி எழுதாதீர்கள்.

இன்னொரு காரணம், பஃபரில் இடமில்லாதபோது என்ன செய்வது என்று சொல்லும் ஆர்டிடியின் முறை எண். 0 என்றால் இடமில்லாதபோது முழுச் செய்தியையும் விட்டுவிடும், 1 என்றால் இடமிருக்கும் அளவு மட்டும் எழுதும், 2 என்றால் இடம் வரும்வரை காத்திருக்கும். 2ஐ வைத்திருந்தால், எடுத்துப்போக ஆள் இல்லாததால் பஃபர் நிறைந்ததும் காத்திருப்பு முடிவதே இல்லை. சொல்லப்போனால், ‘முதல் ஒரு கிலோபைட் வரை நன்றாக ஓடுகிறது, பிறகு நிற்கிறது’ என்பதே இதன் அடையாளம். ஏனெனில் வழக்கமான பஃபர் அளவு 1024.

கேள்வி: ஆர்டிடியில் விநாடிக்கு 1000 முறை 20 பைட் அனுப்புகிறேன். நடுநடுவே துண்டு துண்டாகக் காணவில்லை. எஸ்டபிள்யூடி வேகத்தைக் கூட்டியும் பயனில்லை.

பதில்: கம்பியின் வேகத்தில் குறை இல்லை, கணினி வந்து எடுக்கும் இடைவெளியில்தான் குறை. ஓப்பன்ஓசிடி பொதுவாக 100 மில்லி விநாடிக்கு ஒரு முறைதான் வந்து பார்க்கும். அந்த இடைவெளியில் நீங்கள் எழுதுவது 100 முறை 20, அதாவது 2000 பைட். பஃபரோ 1024. பாதி எப்படியும் போகும்.

‘ஆர்டிடி போலிங்_இன்டர்வல்’ கட்டளையில் 10 என்று கொடுத்தால் இடைவெளிக்கு 200 பைட்டாகக் குறையும். ஆனால் கணினியின் இயங்குதளம் சில சமயம் பத்துக்கணக்கான மில்லி விநாடி தாமதிக்கும் என்பதால், பஃபரையும் 4096 ஆக்கிவிடுங்கள். 200 மில்லி விநாடித் தாமதத்தை அது தாங்கும். ரேம் கிடைக்கும் அளவுக்குத் தாராளமாக வையுங்கள், இதில் சிக்கனம் பிடிப்பது பிறகு தலைவலிதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கில் பாருங்கள். பஃபர் 16 பைட் என்று வைத்துக்கொள்வோம். எழுதும் இடம் 14, படிக்கும் இடம் 6. காலி இடம் 7 பைட், 8 அல்ல. எழுதும் இடமும் படிக்கும் இடமும் சமமானால் ‘காலி’ என்று பொருள் என்பதால், நிறைந்ததும் காலியும் ஒன்றாகத் தெரியாமலிருக்க ஒரு பைட் எப்போதும் விடப்படுகிறது. 5 பைட் எழுதினால் அவை 14, 15, 0, 1, 2 ஆகிய இடங்களில் போகும், எழுதும் இடம் 3 ஆகும், மிச்சம் 2.

இதில் எழுதும் இடத்தை சிப் மட்டும் மாற்றுகிறது, படிக்கும் இடத்தைக் கணினி மட்டும் மாற்றுகிறது. பூட்டும் இல்லை, காத்திருப்பும் இல்லை என்றாலும் இது சரியாக ஓடுவதற்கு அதுவே காரணம். ஒரே சொல்லை (32 பிட் மெமரி அலகை) இருவரும் நினைத்தபோதெல்லாம் எழுதத் தொடங்கினால் அடுத்த நிமிடமே குழப்பம். இன்னொரு விதி வரிசை: தரவு முதலில் ரேமுக்குப் போக வேண்டும், பிறகே எழுதும் இடம் மாற வேண்டும். சொந்தமாக எழுதுபவர்கள் இரண்டுக்கும் நடுவே டிஎம்பி (முன்னது முடிந்த பிறகே அடுத்ததை எழுதச் செய்யும்) கட்டளையைப் போடுங்கள், எழுதும் இடத்தை ‘வாலட்டைல்’ ஆக்குங்கள். இல்லாவிட்டால் இன்னும் எழுதப்படாத பழைய பைட்டுகளைக் கணினி எடுத்துப்போகும். ஆயிரத்தில் ஒரு முறை நடக்கும் பிழை இது, கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

இண்டரப்ட்டிலிருந்தும் மெயின் லூப்பிலிருந்தும் ஒரே பஃபரில் எழுதினாலும் துண்டுகள் கலக்கும். ஆர்டிடி நூலகம் எழுதும் நேரத்தில் இண்டரப்ட்டைத் தடுக்கிறது. ஆனால் கார்டெக்ஸ்-எம்3, எம்4இல் ஒரு குறிப்பிட்ட முன்னுரிமை வரைதான், வழக்கமான அமைப்பில் ஹெக்ஸ் 20. அதைவிட உயர்ந்த முன்னுரிமை உள்ள இண்டரப்ட்டுக்குள்ளிருந்து ஆர்டிடியை அழைக்காதீர்கள். அங்கிருந்தும் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் அதற்கு இன்னொரு சேனலை, அதாவது தனி பஃபரைக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு 20 பைட்டிலும் ஒரு வரிசை எண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போனது போனதுதான், ஆனால் எத்தனை போனது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஆர்டிடியைத் தொடங்கினால் ‘கண்ட்ரோல் பிளாக் கிடைக்கவில்லை’ என்று வருகிறது. சில நாள் கிடைக்கிறது, ஆனால் முந்தைய ஃபர்ம்வேரின் செய்தி வருகிறது!

பதில்: கண்ட்ரோல் பிளாக் என்பது ஆர்டிடி பஃபர்களின் விவரம் இருக்கும் ரேம் பகுதி. கணினி ரேமை வரிசையாகத் தேடி, ‘செக்கர் ஆர்டிடி’ என்று ஆங்கிலத்தில் தொடங்கும் 16 பைட் அடையாளத்தைக் கண்டுபிடிக்கிறது. நிரல் ஆர்டிடியைத் துவக்குவதற்கு முன்பே நீங்கள் தேடச் சொன்னால் கிடைக்காது. ரீசெட் செய்து, ஓடவிட்டு, அரை விநாடி கழித்து ‘ஆர்டிடி ஸ்டார்ட்’ கொடுங்கள். தேடும் எல்லையும் சரியாக இருக்க வேண்டும். பல சிப்புகளில் இரண்டு மூன்று ரேம் பகுதிகள் இருக்கும், பிளாக் இரண்டாவதில் இருக்க நீங்கள் முதலாவதில் தேடிக்கொண்டிருக்கலாம்.

பழைய செய்திக்கு வேறு காரணம். ரீசெட் ரேமை அழிப்பதில்லை. புதிய ஃபர்ம்வேரில் பிளாக் வேறு முகவரிக்கு நகர்ந்துவிட்டால், பழையது பழைய இடத்திலேயே அடையாளம் மாறாமல் கிடக்கும், தேடுகிறவர் கண்ணில் அதுவே முதலில் படும். பூட்லோடரும் (முதலில் ஓடும் சிறு நிரல்) ஆர்டிடி வைத்திருந்தால் இதே கதைதான். தேடவே விடாமல், மேப் ஃபைலில் உள்ள முகவரியை நேரே கொடுங்கள், அல்லது லிங்கர் ஸ்கிரிப்டில் அதற்கு மாறாத இடம் ஒதுக்குங்கள்.

சந்தேகம் வந்தால் கண்ணால் பார்த்துவிடலாம். அந்த முகவரியிலிருந்து 12 சொற்களை எம்டிடபிள்யூவில் படியுங்கள். முதல் மூன்றும் ஹெக்ஸில் 47474553, 52205245, 00005454 என்று இருந்தால் அடையாளம் சரி. நான்காவது பூஜ்யம். ஐந்தும் ஆறும் இரு திசைச் சேனல்களின் எண்ணிக்கை, மாற்றாமல் விட்டிருந்தால் 3, 3. அடுத்த ஆறு சொற்கள் முதல் சேனலுடையவை: பெயரின் முகவரி, பஃபரின் முகவரி, அளவு, எழுதும் இடம், படிக்கும் இடம், முறை. இரண்டு முறை படித்துப் பாருங்கள். எழுதும் இடம் நகர்ந்து படிக்கும் இடம் நகரவில்லை என்றால் கோளாறு கணினிப் பக்கம். எழுதும் இடமே நகரவில்லை, பஃபரும் நிறைந்திருக்கவில்லை என்றால் உங்கள் நிரல் அந்த இடத்துக்கு வரவே இல்லை. எத்தனையோ மணி நேரத் தேடலை இந்த 12 சொற்கள் மிச்சப்படுத்தும்.

பிராசசரில் டேட்டா கேஷ் (ரேமின் நகலை வைத்திருக்கும் வேக மெமரி) இருந்து, டீபக்கரின் வழி அந்த கேஷைப் பார்க்காமல் நேரே ரேமுக்குப் போகிறது என்றால், பிளாக்கையும் பஃபரையும் கேஷ் ஆகாத பகுதியில் வையுங்கள்.

கேள்வி: கணினியிலிருந்து, மோட்டாரை ஓட்டும் பிஐடி கட்டுப்பாட்டின் மூன்று கெயின்களையும் (பெருக்கு எண்களையும்) ஓட்டத்தின்போதே மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாக எழுதினால் நடுவில் மோட்டார் உதறுகிறது. மூன்றும் ஒன்றாக மாறுவதற்கு என்ன செய்வது?

பதில்: உதறுவதற்குக் காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கிறது: முதல் கெயின் புதியது, மற்ற இரண்டும் பழையவை என்ற நிலையில் லூப் சில நூறு முறை ஓடிவிடுகிறது. லூப் பயன்படுத்தும் மாறிகளை டீபக்கர் நேரடியாகத் தொடவே கூடாது. நடுவில் ஓர் அஞ்சல் பெட்டி வையுங்கள்.

அதில் ஐந்து சொற்கள்: மூன்று கெயின், ஒரு கோரிக்கை எண், ஓர் ஒப்புதல் எண். கெயின்களையும் கோரிக்கை எண்ணையும் கணினி மட்டும் எழுதும், ஒப்புதல் எண்ணை சிப் மட்டும் எழுதும். கணினி முதலில் மூன்று கெயின்களையும் எழுதி, கடைசியாகக் கோரிக்கை எண்ணை ஒன்று கூட்டுகிறது. சிப் ஒவ்வொரு லூப்பின் தொடக்கத்திலும் இரண்டு எண்களையும் ஒப்பிடுகிறது. வேறுபட்டால் மூன்றையும் தன் சொந்த மாறிகளுக்கு நகலெடுத்து, டிஎம்பி போட்டு, ஒப்புதல் எண்ணைக் கோரிக்கை எண்ணுக்குச் சமமாக்குகிறது. ஒப்புதல் வரும்வரை கணினி அடுத்த மதிப்பை எழுதக் கூடாது. பெட்டி முழுவதும் ‘வாலட்டைல்’. நகலெடுக்கும் இடம் லூப் ஓடும் அதே இண்டரப்ட்டுக்குள் இருக்க வேண்டும். மெயின் லூப்பில் வைத்தால் நகலெடுப்பின் நடுவிலேயே இண்டரப்ட் வந்து பழைய கதை திரும்பும்.

நகலெடுக்கும் முன் எல்லையைச் சோதியுங்கள். டெல்நெட்டில் கையால் எழுதும்போது ஒரு தவறு மிக எளிதாக நடக்கும்: 2.0 என்ற ஃபுளோட்டுக்கு 2 என்று எழுதிவிடுவார்கள். ஃபுளோட்டாக 2.0இன் பிட் வடிவம் ஹெக்ஸில் 40000000. வெறும் 2 என்று எழுதினால் அது பூஜ்யத்தை ஒட்டிய ஓர் எண்ணாகிவிடும், மோட்டார் பிடி இல்லாமல் சுழலும். கெயினின் கீழ் எல்லை, மேல் எல்லை, எண்ணே அல்லாத ‘நான்’ மதிப்பு என மூன்றையும் சரிபார்த்து, தவறென்றால் மதிப்பை எடுக்காமல் விட்டு ஒரு பிழைக் குறியை வையுங்கள்.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல் உண்டு. 64 பிட் மாறியை டீபக்கர் இரண்டு 32 பிட் படிப்பாகத்தான் எடுக்கும். நடுவில் மாறினால் பாதி பழையது, பாதி புதியது. அதற்கு ஒரு எண்ணி போதும். சிப் எழுதத் தொடங்கும் முன் அதை ஒற்றைப்படை ஆக்கும், முடித்ததும் இரட்டைப்படை ஆக்கும். கணினி எண்ணியைப் படித்து, தரவைப் படித்து, மறுபடி எண்ணியைப் படிக்கும். இரு முறையும் ஒரே இரட்டைப்படை எண் வந்தால் தரவு நல்லது, இல்லையேல் மீண்டும் படிக்க வேண்டும்.

கேள்வி: சீரியலில் வரும் பைட்டுகள் டீபக் செய்யும்போது மட்டும் ஒன்றிரண்டு காணாமல் போகின்றன. கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டேன்.

பதில்: டீபக்கரில் அந்தச் சீரியல் பகுதியின் ரெஜிஸ்டர் ஜன்னல் திறந்திருக்கிறதா? மூடிவிடுங்கள். பல சிப்புகளில் வரவு ரெஜிஸ்டரைப் படித்தாலே ‘பைட் வந்திருக்கிறது’ என்ற கொடி அணைந்துவிடும். படித்தது உங்கள் நிரலா டீபக்கரா என்று வன்பொருளுக்குத் தெரியாது. ஜன்னல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் ஒரு பைட்டை விழுங்குகிறது. ரேமைப் படிப்பதில் பக்கவிளைவு இல்லை, ரெஜிஸ்டரைப் படிப்பதில் உண்டு. பார்க்க வேண்டியது நிலை ரெஜிஸ்டர் என்றால், நிரலே அதை ரேமில் நகலெடுத்து வைக்கட்டும்.

கேள்வி: பேட்டரியில் ஓடும் கருவி. தூக்க நிலைக்குப் போனதும் ஆர்டிடி மௌனமாகிவிடுகிறது, அல்லது எல்லாம் பூஜ்யமாக வருகிறது.

பதில்: தூக்கத்தில் கோரோடு பஸ்ஸின் கிளாக்கும் நின்றுவிடுவதால் டீபக்கருக்கு ரேம் எட்டவில்லை. எஸ்டிஎம்32இல் டிபிஜிஎம்சியூ ரெஜிஸ்டரில் ஸ்லீப், ஸ்டாப், ஸ்டாண்ட்பை மூன்றுக்கும் தனித்தனி பிட் உண்டு, தேவையானதை ஆன் செய்யுங்கள். சாதாரண ஸ்லீப்பில் மட்டும் பிரச்சினை என்றால் டிஎம்ஏவின் (கோர் இல்லாமல் தரவை நகர்த்தும் பகுதியின்) கிளாக்கை ஆன் செய்து வைப்பதே பல சிப்புகளில் போதும், பஸ் விழித்திருக்கும்.

இந்த நிலையில் அளக்கும் கரண்ட் உண்மையானதல்ல. டீபக் பகுதி விழித்திருக்கும்வரை கருவி முழுதாகத் தூங்கவில்லை. அளக்க வேண்டுமானால் அந்த பிட்களை அணைத்து, டீபக் ப்ரோபைக் கழற்றி, மின்சாரத்தையும் ஒரு முறை துண்டித்துக் கொடுத்துவிட்டு அளவெடுங்கள்.

கேள்வி: ஆர்ஐஎஸ்சி-5 (கார்டெக்ஸ்-எம் அல்லாத வேறு வகை கோர்) சிப்பில் இவையெல்லாம் நடக்குமா?

பதில்: சிப்பைப் பொறுத்தது. அந்த டீபக் விதிமுறையில் ‘சிஸ்டம் பஸ் ஆக்சஸ்’ என்பது கட்டாயமில்லாத பகுதி. அது இருந்தால் ஓட்டத்திலேயே ரேமைப் படிக்கலாம், ஆர்டிடியும் நடக்கும். இல்லாவிட்டால் மெமரியைப் படிக்க டீபக்கர் பெரும்பாலும் கோரை ஒரு கணம் நிறுத்தி ஓடவிடும். சிப் வாங்கும் முன்பே ஆவணத்தில் இதைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: விற்பனைக்குப் போகும் ஃபர்ம்வேரில் ஆர்டிடியை விட்டுவைக்கலாமா?

பதில்: வெளியே அனுப்பும் சேனலை விட்டுவைக்கலாம், முறை 0இல். மாற்றாத அமைப்பில் பிளாக் 168 பைட், பஃபர்கள் 1024, 16 என்று சுமார் 1.2 கிலோபைட் ரேம் போகும். பழுதாகித் திரும்பி வரும் கருவியை ரீசெட் செய்யாமல் இணைத்தால், பஃபர் நிறையும்வரை எழுதியதெல்லாம் அதிலிருந்து கிடைக்கும். முறை 0இல் நிறைந்த பிறகு வருவது சேராது என்பதால், கிடைப்பது துவக்க நேரத்துச் செய்திகள். கடைசி நிமிடச் செய்திகள் வேண்டுமென்றால் பழையதன்மேல் எழுதும் தனி பஃபர் ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் சேனலையும் கெயின் அஞ்சல் பெட்டியையும் கம்பைல் நேரத்திலேயே நீக்கிவிடுங்கள். சிப்பின் படிப்புத் தடையை முழு அளவில் போட்டால் டீபக் போர்ட்டே மூடிக்கொள்ளும், திரும்பி வரும் கருவியிலிருந்தும் எதையும் எடுக்க முடியாது. இரண்டில் எது வேண்டும் என்பதை முதல் கருவி வெளியே போகும் முன்பே முடிவு செய்யுங்கள், ஏனெனில் சில சிப்புகளில் அந்தத் தடையின் உச்ச நிலையைப் போட்ட பிறகு எடுக்கவே முடியாது.